ஒரே அழுக்கு, மூன்று விதமான தாடை: மலையகத் தோட்டத் தொழிலாளர்களின் ஈறுகள் காட்டிக்கொடுத்தது

பல் ஆடத் தொடங்கிய யாரிடமாவது காரணம் கேட்டால் "கிருமி எலும்பை அரிச்சிருச்சாம்" என்பதுதான் பதிலாக வரும். பல் டாக்டர்களும் நேரம் இல்லாத நாளில் அப்படிச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். அதில் பாதி சரி, கிருமி இல்லாமல் இந்த நோய் தொடங்காது. ஆனால் தாடை எலும்பைக் கரைப்பது கிருமி இல்லை. கிருமியை எதிர்க்க வந்த நம்முடைய சொந்த நோய் எதிர்ப்பு மண்டலம் கொடுக்கும் உத்தரவின் பேரில், நம்முடைய சொந்த செல்களே அதைக் கரைக்கின்றன. இதை யோசிக்க வைத்த மிக முக்கியமான மனித ஆய்வு ஒன்று இலங்கை மலையகத்தில் நடந்தது. அதில் வருடக்கணக்காக வாயைத் திறந்து காட்டியவர்கள் தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள். உலகம் முழுக்க பல் மருத்துவ மாணவர்கள் அந்த ஆய்வைப் படித்துத்தான் தேர்வு எழுதுகிறார்கள், நம் ஆட்களில் பலருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆய்வை நடத்தியவர் ஹரால்ட் லோ, நார்வேக்காரர், பின்னாளில் அமெரிக்க அரசின் தேசியப் பல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநரானவர். 1965இல் அவர் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஒரு சின்ன சோதனை செய்து காட்டியிருந்தார். ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேர் பல் துலக்குவதை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் எல்லோருக்குமே ஈறு சிவந்து வீங்கியது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது. பல்லின் மேல் படியும் பாக்டீரியாப் படலம்தான் ஈறு வீக்கத்துக்குக் காரணம் என்பது அத்துடன் உறுதியானது.

ஆனால் ஈறு வீங்குவது வேறு, எலும்பு போவது வேறு. வீங்கிய ஈறை வருடக்கணக்கில் அப்படியே விட்டால் என்ன ஆகும், எல்லோருக்கும் எலும்பு கரையுமா, என்ன வேகத்தில் கரையும் என்பதையெல்லாம் மூன்று வாரச் சோதனையில் பார்க்க முடியாது. அதற்காக லோவும் அவருடைய கூட்டாளிகளும் இரண்டு குழுக்களை எடுத்துக்கொண்டார்கள். 1969இல் ஒஸ்லோவில் 565 ஆண்கள், சிறு வயதிலிருந்தே நல்ல பல் மருத்துவம் கிடைத்தவர்கள். 1970இல் இலங்கையில் டன்சினேன், ஹாரோ என்ற இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்கள், பல் மருத்துவமே எட்டாதவர்கள். இளைஞர்களாக இருந்தபோது தொடங்கி 1985 வரை இலங்கைக் குழுவைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். கடைசிப் பரிசோதனைக்குக் கிடைத்தவர்கள் 161 பேர். எல்லாவற்றையும் சேர்த்து 1986இல் கட்டுரையாக வெளியிட்டார்கள், அதில் 14 வயதிலிருந்து 46 வயது வரையிலான வாய்களின் கதை முழுசாக இருந்தது.

தோட்டத்து ஆண்களின் உடல்நிலை பொதுவாக நன்றாகவே இருந்தது. பல் சொத்தை கிட்டத்தட்ட இல்லை. ஆனால் துலக்கும் பழக்கம் இல்லாததால் எல்லோருடைய பல்லிலும் அழுக்குப் படலமும், அது கல்லாக இறுகிய காரையும், கறையும் ஏராளம். ஈறும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் வீங்கித்தான் இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதற்கு அப்புறம் வருவதுதான் விஷயமே.

அத்தனை பேருக்கும் அழுக்கு ஒன்று, வீக்கம் ஒன்று, வேலையும் சாப்பாடும் தண்ணீரும்கூட ஏறக்குறைய ஒன்று. ஆனாலும் அவர்கள் மூன்றாகப் பிரிந்தார்கள். சுமார் 8 சதவீதம் பேருக்குப் பல்லைப் பிடித்திருக்கும் பிணைப்பு அசுர வேகத்தில் போயிற்று: 35 வயதில் சராசரியாக 9 மில்லிமீட்டர், 45 வயதில் 13 மில்லிமீட்டர். பல பற்களின் வேர் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான். இவர்களுக்கு 20 வயதிலேயே பல் விழத் தொடங்கி, 45 வயதுக்குள் எல்லாம் போய்விட்டது. சுமார் 81 சதவீதம் பேர் நடுத்தரம்: 35 வயதில் 4 மில்லிமீட்டர், 45 வயதில் 7 மில்லிமீட்டர் அளவுக்கு இழப்பு. மிச்சம் 11 சதவீதம் பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே அழுக்கு, அதே வீங்கிய ஈறு, ஆனால் 35 வயதிலும் இழப்பு 1 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை.

ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். அவர்கள் அளந்தது நேரடியாக எலும்பை இல்லை. மெல்லிய அளவுகோல் கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு, எனாமல் முடியும் விளிம்பிலிருந்து பிணைப்பு எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று பார்த்தார்கள். பிணைப்பு இறங்கினால் எலும்பும் கூடவே இறங்கும், ஒரு வாயில் இரண்டும் சேர்ந்துதான் போகும் என்பதால் பல் மருத்துவத்தில் இதை எலும்பிழப்பின் அளவாக எடுத்துக்கொள்வது வழக்கம்.

கிருமிதான் எலும்பைத் தின்கிறது என்று வைத்துக்கொண்டால் இந்த மூன்று குழுக்களை விளக்கவே முடியாது. அழுக்கின் அளவு எலும்பிழப்பைத் தீர்மானித்திருந்தால் அந்த 11 சதவீதம் பேரின் பல் எப்போதோ ஆடியிருக்க வேண்டும். லோவின் குழு ரத்தத்தையோ நோய் எதிர்ப்பு செல்களையோ ஆராயவில்லை, அந்தக் காலத்தில் அதற்கான கருவிகளும் பெரிதாக இல்லை. அதனால் வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதை அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனால் பதில் வாயின் அழுக்கில் மட்டும் இல்லை, வாய்க்குச் சொந்தக்காரரிடமும் இருக்கிறது என்று அது அழுத்தமாகக் காட்டிவிட்டது. 2000இல் அமெரிக்காவில் இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வு, பெரியவர்களுக்கு வரும் ஈறு நோயில் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி பரம்பரையால் வருவது என்று கணக்கிட்டது. தோட்டத்துக் கணக்கோடு அது பொருந்திப் போகிறது.

சரி, சொந்தக்காரரின் உடம்பு அப்படி என்னதான் செய்கிறது? முதலில் தூரத்தைப் பாருங்கள். பாக்டீரியாப் படலம் பல்லின் மேல் இருக்கிறது. எலும்பின் விளிம்பு அதற்குக் கீழே, நடுவே சதை. இந்த இடைவெளியை நார்வேயின் யென்ஸ் வேர்ஹாக் 1970களில் அளந்தபோது அது சுமார் அரை மில்லிமீட்டரிலிருந்து இரண்டரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரை இருந்தது. எலும்பு எவ்வளவு கீழே இறங்கிப் போயிருந்தாலும் இடைவெளி இந்த வரம்புக்குள்ளேயே இருந்தது. அதாவது படலம் கீழே இறங்க இறங்க, எலும்பு அதைத் தொடவிடாமல் பின்வாங்கிக்கொண்டே போகிறது. தொடாமலே எலும்பு கரைகிறது என்றால் நடுவில் இருக்கும் சதையில்தான் யாரோ சேதி கடத்துகிறார்கள் என்று அர்த்தம்.

அந்தச் சேதியின் முதல் தடயம் 1972இல் கிடைத்தது. மனித ரத்தத்தின் வெள்ளை அணுக்களை எடுத்து, அவற்றின் மேல் பல் அழுக்கிலிருந்து எடுத்த பொருளைப் போட்டு வளர்த்தார்கள். பிறகு செல்களை விட்டுவிட்டு அந்த நீரை மட்டும் எடுத்து எலும்புத் துண்டின் மேல் விட்டால், எலும்பு கரைந்தது. அந்த நீரில் இருந்ததை எலும்பு கரைக்கும் செல்களைத் தூண்டும் காரணி என்று பெயரிட்டு வைத்தார்கள். அதன் முக்கியமான பகுதி இன்டர்லூகின் 1 பீட்டா என்று 1980களில் தெரிந்தது. காய்ச்சல் வந்தால் உடம்பு சூடாவதற்குக் காரணமாக இருக்கும் அதே புரதம்தான் அது.

முழுப் படம் தெளிவானது 1997, 1998 வாக்கில். எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் எலும்பிலிருந்து பிறப்பவை இல்லை. ரத்தத்தில் ஓடும் மோனோசைட் வகை வெள்ளை அணுக்களின் குடும்பத்திலிருந்து வருபவை, கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ்களுக்குப் பங்காளிகள். அந்த முன்னோடி செல்லின் மேல் ரேங்க் என்ற ஏற்பி, அதாவது சேதியை வாங்கும் புரதம், இருக்கிறது. ரேங்க்-எல் என்ற புரதம் வந்து அதில் உட்கார்ந்தால் பல செல்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பெரிய ஆஸ்டியோகிளாஸ்ட் ஆகிறது. அது எலும்பின் மேல் ஒட்டிக்கொண்டு, அடியில் அமிலத்தைச் சுரந்து சுண்ணாம்பைக் கரைத்து, கதெப்சின் கே என்ற நொதியால் மிச்சமிருக்கும் நாரையும் அறுத்துவிடுகிறது. இதைக் கட்டுக்குள் வைக்க உடம்பே ஆஸ்டியோபுரோட்டஜெரின் என்ற இன்னொரு புரதத்தைச் சுரக்கிறது, அது ரேங்க்-எல்லை வழியிலேயே பிடித்துக்கொண்டு ஏற்பியில் உட்காரவிடாமல் செய்துவிடும். சாதாரண நாளில் இந்த இரண்டுக்கும் இடையில் சமநிலை இருப்பதால்தான் பழைய எலும்பு கரைவதும் புது எலும்பு உருவாவதும் சரிக்குச் சரியாக நடக்கின்றன.

ஈறில் வீக்கம் நீடிக்கும்போது கெடுவது இந்தச் சமநிலைதான். பாக்டீரியாவின் வெளிச்சுவரில் இருக்கும் கொழுப்பு-சர்க்கரைப் பொருளை நம் செல்கள் உணர்ந்ததும் இன்டர்லூகின் 1, டிஎன்எஃப் போன்ற சேதிப் புரதங்கள் கிளம்புகின்றன. அவற்றைப் பார்த்து முதல் காவலாளிகளான நியூட்ரோஃபில் வெள்ளை அணுக்கள் முதலில் வரும், அப்புறம் டி செல்கள், பி செல்கள் என்ற வேறு வகை வெள்ளை அணுக்களும் வந்து கூடாரம் போட்டுவிடும். இப்படி வந்து தங்கிய டி செல்களும் பி செல்களுமே ரேங்க்-எல்லைத் தயாரிக்கின்றன. கூடவே பல்லையும் எலும்பையும் இணைக்கும் நார்த்திசுவின் செல்களும் அதைச் சுரக்கின்றன, ஆஸ்டியோபுரோட்டஜெரின் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. இன்னொரு பக்கம் டிஎன்எஃப் புது எலும்பு கட்டும் செல்களையும் அடக்கி வைக்கிறது, அதனால் கரைந்த இடம் நிரம்புவதும் இல்லை. சதையில் வீக்கம் மேலாக மட்டும் இருந்தால் ஒன்றும் இல்லை, அது எலும்புக்கு ஓரிரு மில்லிமீட்டர் அருகில் வந்ததும் சேதி எலும்பை எட்டிவிடும். அந்த 11 சதவீதம் பேருக்கு வீக்கம் மேலோடு நின்றிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

எலிகளில் இதை இன்னும் துல்லியமாகப் பார்த்திருக்கிறார்கள். டி, பி செல்கள் இரண்டுமே இல்லாத எலிகளுக்கு ஈறு நோய்க் கிருமியான போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸை வாய் வழியாகக் கொடுத்தபோது, நோய் எதிர்ப்பு முழுசாக உள்ள எலிகளைவிட எலும்பிழப்பு குறைவாக இருந்தது. இது 1994இல். கிருமியை எதிர்க்க ஆள் குறைந்தால் எலும்பு அதிகம் போக வேண்டும் என்றுதானே நினைப்போம்? நடந்தது அதற்கு நேர்மாறு. 2000இல் மனித டி செல்களை எலிக்குள் வைத்துச் செய்த சோதனையில் ஆஸ்டியோபுரோட்டஜெரினைக் கொடுத்ததும் எலும்பிழப்பு பெருமளவு தடுக்கப்பட்டது, கிருமியை ஒன்றும் செய்யாமலே. 2011இல் வந்த ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. எந்தக் கிருமியும் இல்லாமல் வளர்த்த எலியின் வாயில் அதே ஜின்ஜிவாலிஸைத் தனியாக விட்டால் எலும்புக்கு ஒன்றும் ஆவதில்லை. சாதாரண எலியின் வாயில் விட்டால், மொத்த பாக்டீரியாவில் 0.01 சதவீதம்கூட இல்லாத அளவில் இருந்துகொண்டே அது மற்ற பாக்டீரியாக்களின் தொகையையும் கலவையையும் மாற்றி எலும்பிழப்பைத் தொடங்கி வைக்கிறது. அந்தக் கிருமி நம் காம்ப்ளிமென்ட் என்ற பாதுகாப்பு முறையைத் தனக்கேற்றபடி திருப்பிவிட்டுத்தான் இதைச் செய்கிறது. அந்த முறையின் ஏற்பிகள் இல்லாத எலிகளில் எலும்பு பிழைத்துக்கொண்டது.

இவ்வளவையும் படித்துவிட்டு, அப்படியானால் நோய் எதிர்ப்பை அமுக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று யாராவது முடிவு செய்தால் அது ஆபத்தான முடிவு. இன்டர்லூகின் 17 என்ற சேதிப் புரதம் எலும்பிழப்பைத் தூண்டுகிறது என்பதற்கு நிறைய சான்று உண்டு. ஆனால் 2007இல் அதன் ஏற்பியே இல்லாத எலிகளில் ஜின்ஜிவாலிஸை விட்டபோது எலும்பு இன்னும் மோசமாகப் போனது, காரணம் அந்தச் சேதி இல்லாமல் நியூட்ரோஃபில்கள் வந்து சேரவில்லை. ஆக அதே புரதம்தான் காவலையும் கூப்பிடுகிறது, கூடினால் எலும்பையும் கரைக்கிறது.

மனிதர்களில் இதற்கு ஒரு கொடுமையான உதாரணம் இருக்கிறது, லாட்-1 என்று சுருக்கமாகச் சொல்லும் அரிய பிறவி நோய். இவர்களுக்கு நியூட்ரோஃபில்கள் ரத்தத்தில் ஏராளமாக இருக்கும், ஆனால் அவை ரத்தக் குழாயை விட்டு வெளியே வர உதவும் ஒட்டுப் புரதம் பழுது, அதனால் ஈறுக்குள் வர முடியாது. பால் பல்லே சீக்கிரம் விழும், நிலைப்பல்லும் இளம் வயதிலேயே போகும். எத்தனை சுத்தம் செய்தாலும், ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் பெரிய பலன் இல்லை. காவல் இல்லாததால் கிருமி புகுந்து விளையாடுகிறது என்றுதான் பல வருடம் நம்பினார்கள். 2014இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் இந்த நோயாளிகளின் ஈறுச் சதையைப் பார்த்தபோது, கிருமி பல்லின் மேற்பரப்பிலேயே இருந்தது, சதைக்குள் புகுந்திருக்கவில்லை. சதைக்குள் நிறைந்திருந்தது இன்டர்லூகின் 17. நியூட்ரோஃபில்கள் சதைக்கு வந்து, வேலை முடிந்து செத்து, மேக்ரோஃபேஜ்கள் அவற்றை விழுங்கும்போதுதான் "போதும்" என்ற சேதி போகிறது. அவை வரவே இல்லாதபோது "இன்னும் அனுப்பு" என்ற சேதி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது, எலும்பு அதில் கரைகிறது. 2017இல் ஒரு லாட்-1 நோயாளிக்கு அந்தச் சேதிப் பாதையை மேலேயே தடுக்கும் உஸ்டெகினுமாப் மருந்தைக் கொடுத்து ஈறு வீக்கம் அடங்கியதைப் பதிவு செய்தார்கள். ஆன்டிபயாட்டிக்கால் முடியாததை நோய் எதிர்ப்பைச் சரிசெய்யும் மருந்து செய்தது.

உடம்பு ஏன் இப்படித் தன் எலும்பையே கரைக்க வேண்டும் என்று கேட்கலாம். 2018இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளில் பார்த்துச் சொன்ன விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. பல்லின் மேல் ஒட்டியிருக்கும் படலத்தை வெள்ளை அணுக்களால் முழுசாக அழிக்கவே முடியாது, ஏனென்றால் அது உடம்புக்கு வெளியே, கெட்டியான பரப்பில் இருக்கிறது. எலும்பு கரைந்து பல் விழுந்தால் கிருமி ஒட்டியிருந்த பரப்பே போய்விடுகிறது, வீக்கமும் அடங்குகிறது. தொற்று உடம்புக்குள் பரவாமல் இருக்கப் பல்லைப் பலி கொடுக்கிறது உடம்பு. தோட்டத்தில் 45 வயதில் ஒரு பல்கூட இல்லாமல் நின்றவர்களின் உடம்பும் இந்த முடிவைத்தான் எடுத்திருக்கலாம்.

சிகிச்சை என்று வரும்போது இந்த அறிவு இரண்டு பக்கமும் வெட்டுகிறது. ரேங்க்-எல்லைத் தடுக்கும் டெனோசுமாப் ஊசி 2010 முதல் எலும்புத் தேய்மானத்துக்குப் பயன்பாட்டில் இருக்கிறது, ஆனால் அதை ஈறு நோய்க்குப் போடுவதில்லை. அதன் பக்கவிளைவுகளில் ஒன்றே தாடை எலும்பு செத்துப்போவது, அரிதுதான், ஆனால் தொற்றுள்ள வாயில் யார் துணிவார்கள்? டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை 20 மில்லிகிராம் என்ற சிறு அளவில், கிருமியைக் கொல்ல இல்லாமல், நம் உடம்பின் சதை அறுக்கும் நொதிகளை அடக்க மட்டும் கொடுக்கும் முறை 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சுத்தம் செய்வதோடு சேர்த்துக் கொடுத்தால் ஓரளவு கூடுதல் பலன் உண்டு. மற்றபடி இன்றும் அடிப்படை சிகிச்சை காரையையும் படலத்தையும் ஈறுக்கு அடியில் வரை போய் எடுப்பதுதான், ஏனென்றால் தூண்டுதலை எடுத்துவிட்டால் எதிர்வினையும் தணியும். ஒஸ்லோ குழுவைப் பாருங்கள்: 40 வயதை நெருங்கும்போது அவர்களின் சராசரி இழப்பு ஒன்றரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டியிருந்தது, தோட்டத்தில் நாலரை. ஒஸ்லோ ஆண்களிலும் வேகமாக எதிர்வினை செய்யும் உடம்புக்காரர்கள் இருந்திருப்பார்கள்தானே, அவர்களையும் சேர்த்துத்தான் அந்தச் சராசரி. உடம்பின் குணத்தை மாற்ற முடியாவிட்டாலும் அதைச் சீண்டாமல் இருக்க முடியும்.

"கிளீன் பண்ணினா பல் ஆடும்" என்ற பயம் நம் ஊர்களில் இருக்கிறதே, அதற்கும் இங்கேதான் பதில். எலும்பு ஏற்கெனவே போயிருக்கும், காரை பற்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்து வைத்திருக்கும், வீங்கிய ஈறு இடைவெளியை மறைத்திருக்கும். காரையை எடுத்து வீக்கமும் வடிந்ததும் உள்ளதுபடி தெரிகிறது. எடுக்காமல் விட்டால் அதன் அடியில் எலும்பு தொடர்ந்து இறங்கும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது இரட்டிப்பு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது வீக்கச் சேதிகள் கூடும், ரேங்க்-எல் பக்கம் தராசு சாயும், புது எலும்பும் சரியாகக் கட்டாது. மறுபக்கம், ஈறு நோய்க்குச் சிகிச்சை எடுத்தால் மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்த அளவு) சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்கு இறங்குகிறது என்று பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. சர்க்கரைக்காக மாதாமாதம் டாக்டரைப் பார்ப்பவர்களில் எத்தனை பேரின் ஈறை யாராவது பார்க்கிறார்கள்?

2010இல் வேறொரு குழு அந்தத் தோட்டத்து ஆட்களைத் தேடிப் போய் 75 பேரை மறுபடி பரிசோதித்தது, முடிவு 2017இல் வந்தது. இத்தனை வருடம் கழித்தும் சுத்தம் இல்லாத வாயில் காரையும் ஈறு வீக்கமும் இழப்போடு தொடர்புபட்டே இருந்தன, புகைப்பழக்கமும் நோய் தொடங்குவதோடு தொடர்பு காட்டியது. இந்த ஆய்வின் அறிவியல் மதிப்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சிகிச்சை எட்டாத மக்கள் என்பதே அவர்களைத் தேர்ந்தெடுக்கக் காரணமாக இருந்தது, சிகிச்சை இல்லாமல் நோய் எப்படிப் போகும் என்பதே கேள்வியாக இருந்தது என்பதை நினைத்தால் மனம் ஒப்பவில்லை. இன்று அப்படி ஓர் ஆய்வுக்கு அனுமதி கேட்டால் எந்த நெறிமுறைக் குழுவும் எளிதில் தலையாட்டாது. அந்த ஆண்களின் வாயிலிருந்து கிடைத்த எண்கள் உலகத்துக்குப் பாடமாகிவிட்டன. அதற்கு ஈடாக அந்தத் தோட்டங்களின் பிள்ளைகளுக்குப் பல் மருத்துவம் வழக்கமாகக் கிடைக்க வேண்டும் என்று கேட்பதில் ஒரு தவறும் இல்லை.

நீங்கள் அந்த 8 சதவீதத்தைச் சேர்ந்தவரா, 11 சதவீதத்தைச் சேர்ந்தவரா என்று முன்கூட்டியே நம்பகமாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ நாற்பதுக்குள்ளேயே பல் ஆடி விழுந்திருந்தால், உங்களுக்கு வலி இல்லாவிட்டாலும் முப்பது வயதுக்கு முன்பே ஒருமுறை போய், ஈறில் கம்பி விட்டு ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆழம் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு வருடா வருடம் அதே எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் போயிருக்கும்போது நிறுத்திவிடலாம், ஒன்பது போன பிறகு பல்லைக் காப்பாற்றுவது பெரும்பாலும் நடக்காது.